நிரூபணமும் நிரலும்

பைத்தான் என்னும் கணினி மொழியிலே நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும் ஒரு சிறு நிரலை, 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நிக்கி மூகா என்ற ஆராய்ச்சியாளர் உலகத்தின் முன் வைத்தார். ஒரு செய்தியை இரண்டு தவணைகளில், முதலில் ஒரே ஒரு பைட்டாகவும் பிறகு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டுகளாகவும், ஷா-3 என்ற சங்கேத முறையிடம் ஒப்படைப்பதைத் தவிர அந்த நிரல் வேறொரு காரியமும் செய்வதில்லை. ஆயினும் அதை ஓட்டிய மாத்திரத்தில், வரவேண்டிய விடை வராமல், பைத்தானே நிலைகுலைந்து இயக்க முறைமையால் பலவந்தமாக நிறுத்தப்பட்டது. இரண்டாம் தவணையில் இன்னும் ஒரே ஒரு பைட்டைக் கூட்டிக் கொடுத்தாலோ, நிரல் விழவுமில்லை, முடியவுமில்லை; ஒரே இடத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த விபரீதத்துக்குக் காரணமான பிழை, ஷா-3 முறையைப் படைத்த சங்கேத விற்பன்னர்களே எழுதி வெளியிட்ட நிரலில், 2011 ஜனவரி முதற்கொண்டு பதினோர் ஆண்டுகளுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாமல் குடியிருந்தது என்பதே இவ்விஷயத்தில் நம்மை நின்று யோசிக்க வைப்பது.

ஷா-3 என்பது, கணினித் துறையினர் ஹாஷ் என்று வழங்கும் முறைகளுள் ஒன்று. ஒற்றைச் சொல்லானாலும், முழு நூலானாலும், மூன்று மணி நேரத் திரைப்படமானாலும், கணினியில் ஏறிய எந்தச் செய்தியையும் வாங்கிக்கொண்டு, 256 பிட் என்பதுபோல முன்கூட்டியே வரையறுத்த அளவுள்ள ஓர் எண்ணைத் திருப்பித் தருவதே ஹாஷின் தொழில். ஒரே செய்திக்கு எந்நாளும் ஒரே எண்தான் வரும். செய்தியில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் முற்றிலும் வேறான எண் வரும். எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு செய்தியை மீட்கவோ, ஒரே எண்ணைத் தரும் இருவேறு செய்திகளைத் தேடிப் பிடிக்கவோ நடைமுறையில் எவராலும் இயலாது. இவை ஹாஷ் நமக்குத் தரும் வாக்குறுதிகள். நாம் இறக்கிக்கொண்ட மென்பொருள் வழியில் எவரும் கைவைக்காமல் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதும், ஓர் ஆவணத்தின்மேல் இட்ட டிஜிட்டல் கையொப்பம் அந்த ஆவணத்துக்கே உரியதா என்று நிச்சயிப்பதும் இந்த வாக்குறுதிகளை நம்பியே நடக்கின்றன. செய்தியை மறைத்து அனுப்பும் குறியாக்கமும் ஹாஷும் வெவ்வேறு காரியங்கள் என்றாலும், இரண்டும் ஒரே சங்கேத சாஸ்திரத்தின் கிளைகள்; ஒன்று பழுதுபட்டால் மற்றதன் பயனும் குறைந்துபோகும்.

அந்த நம்பிக்கை ஒருமுறை ஆட்டம் கண்டதன் விளைவாகவே ஷா-3 பிறந்தது. ரொனால்ட் ரிவெஸ்ட் வகுத்த எம்டி-5 என்ற ஹாஷ் முறையில், ஒரே எண்ணைத் தரும் இருவேறு செய்திகளைச் சீனத்து அறிஞர் வாங் ஷியாவ்யுன் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2004இல் எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டிலேயே ஷா-1 என்ற முறையும் எதிர்பார்த்த அளவுக்கு வலிமையுடையதன்று என்று தெரிவித்தார்கள். ஒரே வம்சத்தைச் சேர்ந்த முறைகளையே நம்பியிருப்பது விவேகமாகாது என்று கருதிய அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமாகிய நிஸ்ட், புதிய முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க 2007ஆம் ஆண்டில் உலகத்தார் அனைவரையும் போட்டிக்கு அழைத்தது. வந்து சேர்ந்தவை 64; முதற்சுற்றுக்கு ஏற்கப்பட்டவை 51; இரண்டாம் சுற்றை எட்டியவை 14; இறுதிக்கு நின்றவை ஐந்து. ஒருவர் வகுத்த முறையை மற்றவர் உடைக்க முயல்வதே இந்தப் போட்டியின் தர்மம். எதுவும் ரகசியமாக வைக்கப்படவில்லை. ஐந்து ஆண்டுகள் இவ்வாறு புடம்போட்ட பிறகு, 2012 அக்டோபர் 2ஆம் தேதி, கெச்சாக் என்ற முறை வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டு, 2015 ஆகஸ்டில் ஷா-3 என்ற பெயரோடு அதிகாரபூர்வமான தரமாயிற்று. அதை வகுத்தவர்கள் குய்டோ பெர்டோனி, யோவன் டாமன், மிகாயெல் பீட்டர்ஸ், ஜில் வான் அஷ் என்னும் நால்வர். இவர்களுள் டாமன், இன்று உலகமெங்கும் வழங்கும் ஏ.இ.எஸ். குறியாக்க முறையை வின்சென்ட் ரைமனோடு சேர்ந்து படைத்தவர். ஆக, இந்தத் துறையில் இவர்களைவிடத் தேர்ந்தவர்களைக் காட்டுவது கடினம்.

கெச்சாக்கின் உள்ளே 200 பைட் அளவுள்ள ஒரு சேமிப்பிடம் இருக்கிறது. வரும் செய்தியைத் துண்டு துண்டாக உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னர் அந்த 200 பைட்டையும் 24 சுற்றுகளாகக் கலக்கிக் குழப்பி, இறுதியில் விடையைப் பிழிந்து கொடுப்பதால், இந்த அமைப்புக்குப் பஞ்சு என்றே அதன் ஆசிரியர்கள் பெயர் வைத்தார்கள். 256 பிட் விடை தரும் வகையில், செய்தி நேரடியாகத் தொடுவது 136 பைட்டை மட்டுமே. எஞ்சிய 64 பைட்டும் வெளியார் எவரும் நேரே தொட முடியாத அந்தரங்கப் பகுதி. முறையின் பலம் முழுவதும் இந்த அந்தரங்கத்தில்தான் தங்கியிருக்கிறது. உள்ளே நிகழும் கலக்கல் குறையற்றதாயின், பஞ்சு அமைப்பின் பலம் இவ்வளவு என்று திட்டமாகச் சொல்லும் கணித நிரூபணம் ஒன்றையும் அதே நால்வர் 2008இல் வெளியிட்டிருந்தார்கள். அந்த நிரூபணத்தில் இன்றளவும் ஒரு குற்றமும் காணப்படவில்லை. ஆனால் கணிதத்தை யந்திரம் ஓட்டுவதில்லை. யந்திரம் ஓட்டுவது நிரலை. கணிதம் நிரலாக இறங்கி வரும் படியிலேதான் கால் இடறிற்று.

அந்தப் படி எத்தகையது என்று அறியச் சி என்ற மொழியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை எழுதுவதற்காக டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி அது. கணினியின் நினைவகம் வரிசையாக எண்ணிடப்பட்ட பைட்டுகளால் ஆனது. ஒரு நிரல் தனக்கு வேண்டிய இடத்தை அதில் ஒதுக்கிக்கொண்டு, அந்த எல்லைக்குள்ளேயே எழுதவும் படிக்கவும் வேண்டும். எல்லையைத் தாண்டுகிறோமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் பொறுப்பைச் சி மொழி தான் ஏற்பதில்லை, எழுதுபவனிடமே விட்டுவிடுகிறது. அதனால் வேகம் மிகுகிறது. யந்திரத்தின் முழுச் சக்தியும் எழுதுபவன் கைக்கு வருகிறது. ஆனால் அவன் கணக்கு ஓரிடத்தில் பிசகினால், 200 பைட் இடத்தில் 300 பைட்டை எழுதி, அடுத்து இருந்த வேறு விஷயங்களை அழித்துவிடுவதைத் தடுப்பார் இல்லை. அழிந்த இடத்தில் நிரலின் போக்கையே நிர்ணயிக்கும் முகவரி ஏதேனும் இருந்து, எழுதப்பட்ட செய்தியும் ஒரு கபடக்காரன் தயாரித்ததாக இருந்தால், அந்தக் கணினி அதன்பின் அவன் ஏவலைச் செய்யத் தொடங்கிவிடும்.

இது கற்பனையான அபாயமன்று. 1988 நவம்பரில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய மாரிஸ் புழு, உள்ளே நுழையக் கையாண்ட வழிகளுள் ஒன்று இப்படி எல்லை மீறி எழுதுவதே. 2014 ஏப்ரலில் உலகத்தையே கலங்கடித்த ஹார்ட்பிளீட் என்ற பிழையோ, ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் எல்லை மீறிப் படிப்பதாக அமைந்து, ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரையில் பிறருடைய ரகசியங்களை வெளியே கசியவிட்டது. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் நேர்ந்தவை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் கூறியது. குரோம் உலாவியை ஆக்குவோரும் அடுத்த ஆண்டு அதே விகிதத்தைச் சொன்னார்கள்.

பைத்தான் போன்ற மொழிகளில் எழுதுவோர் இந்தக் கவலை தங்களுக்கில்லை என்று எண்ணுவது இயல்பு. அம்மொழியில் ஒரு பட்டியலின் எல்லைக்கு அப்பாலுள்ள உறுப்பைக் கேட்டால், மொழியே அதைப் பிழை என்று சொல்லி மரியாதையாக நிறுத்திவிடும். எனினும் பைத்தானை ஓட்டும் அடித்தளமே பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. வேகம் முக்கியமான ஹாஷ் போன்ற காரியங்கள் அந்தத் தளத்திலேயே நடக்கின்றன. எல்லோரும் எடுத்தாளும்படி ஒருமுறை எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பைத்தான் இத்துறையில் நூலகம் என்கிறார்கள். 2016 இறுதியில் வெளியான பைத்தான் 3.6 தன் நூலகத்தில் ஷா-3ஐச் சேர்த்துக்கொண்டபோது, அதைப் புதிதாக எழுதாமல், கெச்சாக் ஆசிரியர்களே வெளியிட்டிருந்த சி மொழி நிரலைக் கொணர்ந்து வைத்தது. பிஎச்பி மொழியும் அவ்வாறே செய்தது. ரூபி மொழிக்கு உரிய ஒரு தொகுப்பும் அப்படியே. முறையைப் படைத்தவர்களுடைய நிரலைவிட நம்பத்தக்கது வேறெது என்று அவர்கள் கருதியதில் யாரும் குற்றம் காண முடியாது.

இனிப் பிழைக்கு வருவோம். செய்தி எத்தனை தவணைகளில் வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதால், சேமிப்பிடத்தில் இதுவரை எத்தனை பைட் நிரம்பியிருக்கிறது என்ற கணக்கை அந்த நிரல் வைத்துக்கொள்ளும். புதிய தவணை வந்ததும், வந்த அளவையும் ஏற்கெனவே நிரம்பிய அளவையும் கூட்டி, மொத்தம் உரிய எல்லையை, 256 பிட் வகையானால் 136ஐ, தாண்டுகிறதா என்று பார்க்கும். தாண்டினால், இடமிருக்கும் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த சுற்றுக்கு விடும். நியாயமான சோதனைதான். ஆனால் இந்தக் கூட்டல் நடந்தது 32 பிட் எண்களில். அத்தகைய எண்ணால் காட்டக்கூடிய உச்ச அளவு 429,49,67,295. அதன்மேல் ஒன்று சேர்ந்தால், பழைய மோட்டார் வண்டியின் தூரமானி 99,999ஐக் கடந்ததும் மறுபடி சுழியத்தில் வந்து நிற்பதுபோல, கணக்கும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். மூகாவின் நிரலில் ஏற்கெனவே நிரம்பியிருந்தது ஒரு பைட். புதிதாக வந்தது அந்த உச்ச அளவு. இரண்டையும் கூட்டக் கிடைத்தது சுழியம். சுழியம் எல்லையைத் தாண்டவில்லையாதலால், எல்லாம் உள்ளே அடங்கிவிடும் என்று முடிவு செய்த நிரல், 200 பைட் இடத்தை நோக்கி நான்கு கிகாபைட் செய்தியையும் கொட்டத் தொடங்கியது. இரண்டாம் தவணையில் இன்னொரு பைட் கூடியபோது, தவணையின் அளவே 32 பிட்டில் அடங்காமல் சுழியமாகிவிட்டது. சுழியம் பைட்டை எடுத்துக்கொண்டு, மீதி இன்னும் அப்படியே இருக்கக் கண்டு, மறுபடியும் சுழியம் பைட்டை எடுத்துக்கொண்டு, நிரல் முடிவின்றிச் சுழன்றது.

நேர்ந்த பிழையின் சுபாவமும் விசேஷமானது. நினைவகத்தில் எல்லை மீறப்பட்டால் கண்டுபிடிப்பதற்காக, ஒதுக்கிய இடத்தை அடுத்து ஒரு காவல் எண்ணை வைத்து, அது மாறியிருக்கிறதா என்று பிறகு பார்ப்பது வெகுகாலமாக வழங்கும் ஒரு தற்காப்பு. கெச்சாக் நிரலோ பழையதன்மேல் புதியதை எழுதி மறைப்பதில்லை. எக்ஸார் என்ற கணிதச் செயலால் இரண்டையும் சேர்க்கிறது. எந்த எண்ணோடும் சுழியத்தை எக்ஸார் செய்தால் அந்த எண் மாறாமல் அப்படியே இருக்கும். ஆகவே காவல் எண் உள்ள இடத்துக்கு நேராகத் தன் செய்தியில் சுழியங்களை இட்டு வைப்பவன், காவலைக் கலைக்காமலே அதைத் தாண்டித் தனக்கு வேண்டிய இடத்தில் வேண்டியதை மாற்றலாம். அதற்கும் முன்பாக, வெளியார் கைபடலாகாத அந்த 64 பைட்டிலேயே செய்தி நேரே போய் விழுவதால், 2008இன் நிரூபணம் எந்த ஆதாரத்தின்மேல் நின்றதோ அந்த ஆதாரமே இங்கே இல்லாமற் போகிறது. மூகாவும் நிஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்டஃபர் செலியும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதுபட்ட இந்த நிரலைக்கொண்டு, ஹாஷ் எண்ணுக்கு ஏற்ற செய்தியைத் தயாரிப்பது கைகூடும் என்பதையும், ஹாஷ் கணக்கிடப் புகுந்தவருடைய கணினியிலேயே அந்நியனின் நிரலை ஓடவைக்கும் கோப்பு ஒன்றை உருவாக்குவது சாத்தியம் என்பதையும் செய்தே காட்டினார்கள்.

அபாயத்தை உள்ளபடி சொல்வதானால், மிகைப்படுத்தவும் இடமில்லை. நான்கு கிகாபைட்டுக்கு நெருங்கிய தவணையை ஒரே வீச்சில் ஏற்கும் இடமும் 64 பிட் கணினியும் இருந்தாலன்றி இந்தப் பிழை தலைகாட்டாது. பைத்தான் 3.9 முதல், ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகத்தில் ஷா-3 கிடைக்கும் இடங்களில் அதையே எடுத்துக்கொண்டது. அந்த நூலகத்தின் ஷா-3 வேறு நிரல், அதில் இந்தக் குறை இல்லை. ஆகையால் இதனால் ஹார்ட்பிளீட் காலத்துப் பீதி எழவில்லை. அப்படியிருந்தும் இதை அற்பமென்று ஒதுக்க முடியாமற் செய்வது, இது இருந்த இடமும், இருந்த காலத்தின் நீளமும்தான்.

இத்தனை காலம் பிழை பிடிபடாமல் போனதற்குக் காரணம், பரீட்சைகளே அதன் பக்கம் போகாமல் இருந்ததுதான். ஹாஷ் நிரல்களைச் சோதிப்போர், விடை முன்பே தெரிந்த சிறு சிறு செய்திகளைக் கொடுத்து, சரியான எண் வருகிறதா என்று பார்ப்பதே வழக்கம். பெருஞ்செய்திகளையும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மூகாவும் செலியும் முன்னமே வகுத்த சோதனை, ஆப்பிள் நிறுவனத்தின் கோர்கிரிப்டோ நூலகத்திலிருந்த 12 ஹாஷ் முறைகளுள் 11இல் முடிவின்றிச் சுழலும் பிழையை வெளிக்கொணர்ந்தது. ஆனால் கெச்சாக் நிரலின் பிழை அந்த வலையிலும் விழாதது. செய்தி எவ்வளவு பெரிதானாலும் ஒரே தவணையில் வந்தால், காலியான சேமிப்பிடத்தில் முழுத் துண்டுகளாக எடுத்துக்கொள்ளும் வேறு பாதையில் நிரல் சென்றுவிடும். சிறியதொன்றும் பெரியதொன்றுமாக அடுத்தடுத்து வந்தாலன்றிப் பிழையுள்ள வரி உயிர்பெறாது. ஆகவே இருவரும் தொடக்கம், தவணைகள், முடிவு ஆகிய மூன்றையும் வெவ்வேறு அளவுகளில் கோத்துப் பார்க்கும் புதிய சோதனை ஒன்றை வகுத்தார்கள்.

திருத்தம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. வந்ததையும் நிரம்பியதையும் கூட்டி எல்லையோடு ஒப்பிடுவதை விட்டு, எல்லையிலிருந்து நிரம்பியதைக் கழித்து, எஞ்சிய இடத்தோடு வந்ததை ஒப்பிட்டால் போதும். கணிதத்தில் இவ்விரண்டும் ஒன்றே. பள்ளிப் பிள்ளையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதுவான். எண்களுக்கு உச்சவரம்பில்லாத கணிதத்தில் ஒன்றாக இருப்பவை, உச்சவரம்புள்ள யந்திரத்தில் இரண்டாகிவிடுகின்றன. எல்லையற்ற எண்களோடு பழகிய மனம் எழுதும்போது எந்த இடத்தில் அயர்ந்துவிடக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

எல்லையை மொழியே காக்கட்டும் என்ற யோசனை புதியதன்று. 1960களில் பிரிட்டனின் எலியட் நிறுவனத்தில் அல்கால் மொழிக்கு மொழிமாற்றி செய்த டோனி ஹோர், நிரல் ஓடும்போது ஒவ்வொரு எல்லையையும் சோதிக்கும் ஏற்பாட்டை அதில் வைத்தார். வேகத்துக்காக அதை நிறுத்திக்கொள்ள வசதி வேண்டுமா என்று பின்னாளில் வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று அவர்கள் ஒருமுகமாக மறுத்ததை, 1980இல் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் நினைவுகூர்ந்தார். அந்த வாடிக்கையாளர்களின் விவேகத்தை உலகம் பல ஆண்டுகள் மறந்திருந்து, 2015இல் முதற்பதிப்புக் கண்ட ரஸ்ட் போன்ற மொழிகளின் வழியே இப்போது மீட்டுக்கொண்டிருக்கிறது. கெச்சாக் நிரல் ரஸ்ட் மொழியின் பாதுகாப்பான பகுதியில் எழுதப்பட்டிருக்குமாயின், எல்லை மீறிய கணமே ஓட்டம் நின்றிருக்கும். கபடக்காரனுக்கு ஒன்றும் கிட்டியிருக்காது. எனினும் முடிவின்றிச் சுழலும் அந்த இரண்டாவது கோளாறு அங்கேயும் நேரக்கூடியதே. பாதுகாப்பான மொழி ஒரு பிழையைச் சேதமில்லாத பிழையாக மாற்றுமேயன்றிக் கணக்கைச் சரியாக்கித் தராது.

கணக்கே சரிதானா என்று அறிய வேண்டுமாயின், நிரூபணம் முறையோடு நின்றுவிடாமல் நிரலுக்கும் இறங்கி வர வேண்டும். அத்தகைய முயற்சியும் நடந்திருக்கிறது. பிரான்ஸின் இன்ரியா, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு, கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆராய்ச்சியாளர்கள் கூடி, சங்கேத முறைகளை நிரூபணத்துக்கு உரிய ஒரு மொழியில் எழுதி, ஒவ்வொரு வரியும் எல்லைக்குள் நிற்கிறது, விடையும் வரையறைக்கு மாறாமல் வருகிறது என்று யந்திரத்தைக்கொண்டே சரிபார்த்து, அதிலிருந்து சி நிரலை வருவித்துத் தரும் ஹேக்கிள் ஸ்டார் என்ற நூலகத்தை அமைத்தார்கள். பைத்தான் 3.11இலேயே, அளவில் சிறியது என்பதற்காக, கெச்சாக் ஆசிரியர்களின் நிரலுக்குப் பதில் வேறொன்று வைக்கப்பட்டிருந்தது. 2023 அக்டோபரில் வெளியான 3.12இல் ஷா-3 உள்ளிட்ட உள்ளமைந்த ஹாஷ் நிரல்கள் பலவும் இந்த நிரூபிக்கப்பட்ட நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டன.

ஷா-3 என்னும் முறையை உடைத்துப் பார்க்கப் பல குழுக்களின் உழைப்பும் ஐந்து ஆண்டுகளும் செலவாயின. அந்த உழைப்பு வீண்போகவில்லை, முறை இன்றும் உடையாமல் நிற்கிறது. அதே போட்டியின் இறுதிச் சுற்றுக்கென்று 2011 ஜனவரியில் ஒப்படைத்த நிரலிலேதான் பிழை புகுந்தது. உலகத்தின் மிகச் சிறந்த சங்கேத அறிஞர்கள் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்த வேளையிலேயே புகுந்தது. அவர்கள் நோக்கியது கணிதத்தை. நிரலை நோக்குவது எவருக்கும் இட்ட பணியாக இருக்கவில்லை. ஆசிரியர்களின் பெயரையே பிரமாணமாகக் கொண்டு எடுத்தாண்ட மொழிகளும், அம்மொழிகளை நம்பி எழுதிய லட்சோபலட்சம் பேரும், வேறு யாரோ பார்த்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். ஒரு முறையைத் தரமாக ஏற்கும் நாளில், அதை யந்திரத்துக்கு இறக்கிவைக்கும் நிரலையும் அதே கடுமையோடு பரீட்சித்து ஏற்பது என்ற வழக்கம் வரவேண்டும்; அதற்கு ஆகும் காலத்தையும் பணத்தையும் தரத்தை வகுக்கும் அரசுகளும், அதனால் லாபம் அடையும் நிறுவனங்களும் ஏற்பதே நியாயம். அதுவரையில் நம்மைப் போன்றவர்களால் ஆகக்கூடியது, திருத்தம் வந்திருக்கிறது என்று கணினி அறிவிக்கும்போது நாளைக்கென்று தள்ளாமல் அதை அன்றே ஏற்றுக்கொள்வது.